‘மண்டையில் ஏறாது’ என்ற பயத்தோடு சேலத்தில் டைப்பிங் சேர்பவர்களுக்கு

பள்ளியை விட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். வீட்டு வேலை, பட்டறை வேலை, தறி வேலை என்று ஓடிவிட்டு, முப்பது நாற்பது வயதில் டைப்பிங்கோ, கணக்கு எழுதும் டேலியோ, கம்ப்யூட்டரோ படிக்கலாமென்று ஆசை வரும். கூடவே ‘நமக்கெல்லாம் மண்டையில் ஏறுமா’ என்ற பயமும் வரும். அப்படி ஒரு நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போய்க்கொண்டே டைப்பிங்கில் கீழ்நிலையான லோயரும், பிறகு மேல்நிலையான ஹையரும் முடித்தவள் நான். விரலைப் பழக்கியதைவிட, ‘நீ மக்கு’ என்று எனக்குள்ளேயே கேட்ட குரலைச் சமாளித்ததுதான் பெரும்பாடாக இருந்தது. டைப்பிங்கை வைத்தே சொல்கிறேன். வேறு எதைப் படிப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. முதலில் மார்க் ஷீட்டை வெளியே எடுங்கள்

சேரும்போது கேட்பது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ. இவ்வளவுதான். ஆனால் பலர் நின்றுபோவது இந்த முதல் படியில்தான். பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கும் சான்றிதழை எடுத்தால் கணக்கில் 38, இங்கிலீஷில் 41 என்று இருக்கும். அதை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூசும். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று திரும்ப உள்ளே வைத்துவிடுவோம். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இப்படியே வருடக்கணக்கில் தள்ளிப்போட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்ப்பது பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பதிவெண், தேர்ச்சி பெற்றிருக்கிறீர்களா என்பதை மட்டும்தான். கணக்கில் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பதினைந்து வயதில் சில மணி நேரம் உட்கார்ந்து எழுதிய ஒரு தேர்வின் எண் அது. அப்போது வீட்டில் என்ன நிலைமை, பசியோடு போனீர்களா, சொல்லித்தர ஆள் இருந்ததா என்பதெல்லாம் அதில் இல்லை. இன்றைக்கு உங்களால் எதைக் கற்க முடியும் என்பதும் அதில் இல்லை. ஐந்து நகல் எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். அசலை லேமினேட் செய்யாதீர்கள்.

கவனிக்க வேண்டியது பெயர்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் இனிஷியல் ஏறியிருக்கும். மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல் இருக்கும். எழுத்துக்கூட்டலிலும் ஒன்றிரண்டு எழுத்து மாறியிருக்கும். தேர்வு விண்ணப்பத்தில் மார்க் ஷீட்டில் உள்ளபடியே பெயர் போக வேண்டும். ஆதாரைத் திருத்த வேண்டுமானால் வகுப்பில் சேர்ந்த வாரமே ஆதார் மையத்துக்குப் போய்விடுங்கள், விண்ணப்பிக்கும் கடைசி வாரம்வரை வைத்திருக்க வேண்டாம். மார்க் ஷீட்டே தொலைந்துபோயிருந்தால் நகல் சான்றிதழ் வாங்க நாளாகும். முதல் வேலையாக நீங்கள் படித்த பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

பத்தாவது முடிக்காதவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. அவர்களுக்கு லோயருக்கு முன்னால் பிரீ ஜூனியர் என்று ஒரு நிலை இருக்கிறது.

2. எந்த மாதம் சேர்வது

அரசு டைப்பிங் தேர்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. வழக்கமாக பிப்ரவரி, ஆகஸ்ட் என்று வருடத்துக்கு இரண்டு முறை. தேர்வுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு லோயருக்கு ஆறு மாதமாவது வேண்டும். ஆகவே பிப்ரவரியில் எழுத ஆகஸ்டிலும், ஆகஸ்டில் எழுத பிப்ரவரியிலும் சேர்வது கணக்கு.

ஆனால் உங்கள் பிழைப்பின் நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு முன் கொலுசுப் பட்டறையிலும் ஜவுளியிலும் வேலை நெரிக்கும். ஜூனில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு வந்து நிற்கும். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலம். அந்த நேரத்தில் பிப்ரவரித் தேர்வைக் குறிவைத்தால் உடம்பு தாங்காது. பறிப்பு ஓய்ந்து மார்ச்சில் தொடங்கி, அவசரமில்லாமல் ஆகஸ்டையோ அதற்கடுத்த பிப்ரவரியையோ வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டுக்குப் போகிறவர்கள் ஆடித் திருவிழாவையும் கணக்கில் எடுங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் சேலத்தில் எந்த வீட்டில் விருந்தாளி இல்லாமல் இருக்கிறது?

வேலை முட்டும் மாதத்தில் சேர்ந்து, வாரம் இரண்டு நாள் மட்டும் போய், எதுவும் ஒட்டாமல் நின்றுவிட்டு, ‘எனக்கு அறிவில்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. அங்கே குறைந்தது நேரம்தான்.

3. இன்ஸ்டிடியூட்டும் பணமும்

மாதக் கட்டணம் பொதுவாகச் சில நூறு ரூபாய்தான். பேப்பர், ஒரு நோட்டு, தேர்வுக் கட்டணம் தனி. சேலம் நகரத்துக்குள் இருக்கும் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் டிக்கெட் செலவு கிடையாது. உண்மையான செலவு கூலியில்தான் வரும். உருப்படிக் கணக்கில் வேலை செய்பவர்களுக்கு ஒரு மணி நேரம் என்றால் காசு. பல இடங்களில் காலை ஆறு, ஏழு மணிக்கே வகுப்பு தொடங்கிவிடும். பட்டறை திறக்கும் முன்பே முடித்துவிட்டுப் போகலாம்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா? மாதாமாதம் கட்டலாமா? என் வயதுக்காரர்கள் யாராவது படிக்கிறார்களா? மூன்றாவதை வெட்கப்படாமல் கேளுங்கள். உங்களை மாதிரி இன்னொருவர் அதே அறையில் இருந்தால் முதல் மாதம் சுலபமாகப் போகும்.

இரண்டு வலைகள் இருக்கின்றன. ‘ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டுங்கள், வேலைக்கு நாங்கள் கேரண்டி’ என்று பேக்கேஜ் விற்பவர்கள் ஒன்று. தன்மேல் நம்பிக்கை குறைந்தவர்கள்தான் அதில் சீக்கிரம் விழுவார்கள். ‘பெரிய தொகை கட்டினால் ஒழுங்காகப் படிப்போம்’ என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். இரண்டாவது, ஞாபக சக்தி மாத்திரை, போனில் காசு வாங்கிக்கொண்டு ‘உங்கள் ஐ.க்யூ. இவ்வளவு’ என்று எண் காட்டும் ஆப். முறையான அறிவுத்திறன் சோதனையைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் நேரில் உட்கார்ந்து செய்வார். போனில் வரும் எண்ணுக்காக அழாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, தலை சுற்றலோடு நேராக மெஷினில் உட்கார்ந்தால் ஒன்றும் நிற்காது. கால் மணி நேரமாவது காற்றாட உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். நாகலூர் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருபவர்கள், முடிந்தால் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கப் பாருங்கள்.

4. முதல் ஆறு வாரம்: சத்தத்தை எப்படிக் கேட்பது

மற்ற வகுப்புகளில் பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று காதில் விழாது. டைப்பிங்கில் விழும். ஒரே அறையில் பத்துப் பதினைந்து மெஷின். உங்களுடையது டொக்... டொக்... என்று நின்று நின்று போகும். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் படபடவென்று பொரிந்து தள்ளும். அதன் மெஷினில் வரி முடிந்து மணி அடிப்பது நிமிடத்துக்குப் பல முறை கேட்கும். நம் மணி எப்போது அடிக்கும் என்றே தெரியாது. கழுத்தில் வேர்க்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே அவமானமாக இருக்கும்.

இதற்கு மூன்று வேலை செய்யுங்கள்.

முதலில், அந்தப் பெண்ணிடம் எத்தனை மாதமாகப் படிக்கிறாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஹையர் படித்துக்கொண்டிருக்கும். ஹையருக்கு நிமிடத்துக்கு 45 வார்த்தை. நீங்கள் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ அடிக்கும் முதல் பாடத்தில் இருக்கிறீர்கள். அவரோடு உங்களை ஒப்பிட இங்கே எதுவுமே இல்லை.

அடுத்து, உங்கள் இலக்கைச் சின்ன எண்ணாகப் பாருங்கள். லோயருக்கு 10 நிமிடத்தில் 1500 தட்டு. நிமிடத்துக்கு 150, நொடிக்கு இரண்டரை. இடைவெளிக்குத் தட்டுவதும் இதில் சேர்த்திதான். இரண்டரைத் தட்டு எவ்வளவு என்று மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். அறையில் கேட்கும் அந்தப் புயல் உங்களுக்குத் தேவையே இல்லை.

மூன்றாவது, கீயைப் பார்க்காதீர்கள். எங்கள் மாஸ்டர் பின்னால் நடந்துகொண்டே ‘கீயைப் பாக்காத கண்ணு, புத்தகத்தைப் பாரு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பார்த்து அடித்தால் முதல் வாரம் வேகமாக இருப்பதுபோல் தெரியும். மூன்றாவது மாதம் வேகம் அப்படியே நின்றுவிடும். பார்க்காமல் அடித்தால் முதலில் கேவலமாக இருக்கும், பிறகு ஏறும். வேகமாக வந்தால் அறிவு, தடுமாறினால் மக்கு என்று எடுத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில் தவறான வழியைப் பிடித்துக்கொள்வார்கள்.

வகுப்பு எடுப்பவரே ‘இந்த வயசுல எதுக்கு, உனக்கு வராது’ என்று சொன்னால் என்ன செய்வது? அது எனக்கு ஓர் இடத்தில் நடந்தது. அந்த மாதக் கட்டணம் முடிந்ததும் வேறு இன்ஸ்டிடியூட்டுக்கு மாறினேன். நீங்களும் மாறுங்கள். விவாதம் வேண்டாம், நிரூபித்துக் காட்டுகிறேன் என்ற வீம்பும் வேண்டாம்.

5. தப்பை விரல் கணக்கில் எழுதுங்கள்

இந்த ஒன்றைச் செய்தாலே போதும் என்று சொல்வேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வகுப்பு முடிந்ததும் பேப்பரை மெஷினிலிருந்து உருவி, சிவப்பு பேனாவால் தப்பெல்லாம் வட்டமிடுங்கள். பிறகு நோட்டில் தேதி போட்டு, எந்த எழுத்துக்குப் பதில் எந்த எழுத்து விழுந்தது, அது எந்த விரல் என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரு வாரம் எழுதினால் தெரிந்துவிடும். பக்கம் முழுக்கத் தப்பாகத் தெரிந்தது, உண்மையில் மூன்று நான்கு எழுத்துதான். பெரும்பாலும் சுண்டு விரலும் மோதிர விரலும் வேலை செய்யும் இடங்கள்: ‘எஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘டபிள்யூ’, ‘ஏ’ அழுத்தமில்லாமல் மங்கலாக விழுவது, ‘பி’க்குப் பதில் ‘ஓ’. மோதிர விரலைத் தனியாகத் தூக்கிப் பாருங்கள், பக்கத்து விரலும் கூடவே வரும். யாருக்கும் அப்படித்தான், கையின் அமைப்பு அது.

‘எனக்கு வரவில்லை’ என்று நோட்டில் எழுதக் கூடாது. ‘இடது மோதிர விரல், எஸ்-டபிள்யூ, 9 தப்பு’ என்று எழுத வேண்டும். முதலாவதை வைத்து அழத்தான் முடியும். இரண்டாவதை வைத்து நாளைக்கு முதல் பத்து நிமிடம் என்ன அடிப்பது என்று முடிவு செய்யலாம். டேலி படிப்பவர்களும் இப்படியே எழுதலாம்: ‘அக்கவுண்ட்ஸ் புரியவில்லை’ என்று எழுதாமல், ‘வாங்கின சரக்கைத் திருப்பி அனுப்பினால் எந்தப் பக்கம் எழுதுவது என்று குழப்பம்’ என்று எழுதுங்கள். அதை அப்படியே ஆசிரியரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் வரும். ‘ஒண்ணுமே புரியல சார்’ என்றால் அவராலும் எங்கிருந்து தொடங்குவது என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்றாவது மாதம் மனசு உடையும் ஒரு நாளில் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அது வேண்டும்.

6. தினமும் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் வேண்டாம்

பிந்திவிட்டோம் என்ற பயத்தில் ஒரே நாளில் மாய்ந்து மாய்ந்து அடிப்பது எல்லாரும் செய்வது. பிரிட்டனில் தபால்காரர்களுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்து, உளவியலாளர் ஆலன் பேடலியும் லாங்மனும் ஓர் ஆய்வு செய்தார்கள், 1978-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். இன்னொன்றுக்கு இரண்டு மணி நேர வகுப்பு நாளுக்கு இரண்டு முறை. மொத்த மணி நேரத்தைக் கணக்குப் பார்த்தால், ஒரு மணி நேரக் குழுதான் குறைவான மணி நேரத்தில் கற்றுக்கொண்டது. நாட்கள் அதிகம் பிடித்தன என்பது உண்மை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: அந்த ஒரு மணி நேரக் குழுவினர்தான் தங்கள் பயிற்சியில் மிகக் குறைந்த திருப்தியோடு இருந்தார்கள். மற்றவர்களைவிடப் பின்தங்கிப் போகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றியது.

நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தவர்களுக்கே அப்படி இருந்தது. ஆகவே ‘நான் பின்தங்குகிறேன்’ என்று தோன்றுவதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். நோட்டைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

நடுவில் வேகம் சில வாரம் ஏறாமலே நிற்கும். அந்தக் காலத்தில் வகுப்பை நிறுத்தாமல், வேகத்தை விட்டுவிட்டுத் தப்பு குறைவதை மட்டும் பாருங்கள்.

7. படித்து நினைவில் வைக்க வேண்டியவற்றுக்கு

டைப்பிஸ்ட் வேலைக்குக் குறிவைப்பவர்கள் பின்னால் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் வாங்க வேண்டிவரும். அதற்குப் பாடம் படிக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். ஒருமுறை வாசித்து, புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில் மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். எழுதும்போது பாதி வராது, எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும், அப்படித்தான் நினைவில் தங்கும்.

8. கண், தூக்கம், மனசு

நாற்பதை நெருங்குபவர்கள் சேரும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குவதை ‘கவனம் நிற்கவில்லை’ என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் காலையில் கண் பிரிவில் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. ரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் சோர்வும் மறதியும் வரும். ஒருமுறை ரத்தம் பரிசோதித்துவிடுங்கள். சின்ன வயதிலிருந்தே எழுத்துகள் இடம் மாறித் தெரிந்து, வாசிப்பதே பாடாக இருந்திருந்தால் அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை.

இரவு வெகுநேரம் விழித்துப் பழக வேண்டாம். அன்றைக்குப் பழகியது படிவது தூக்கத்தில்தான்.

‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு வகுப்போடு நிற்காமல் சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் கெடுத்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி மையத்துக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

9. யாரிடம் சொல்வது

எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். பட்டறையில் சொன்னால் தினமும் ‘எங்க வரைக்கும் வந்துச்சு?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே பாரமாகிவிடும். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அந்த ஒரு மணி நேரம் அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் ஆளாக அவர் இருக்கட்டும்.

10. தேர்வும் அதற்குப் பிறகும்

வேகத்தாள் 10 நிமிடம். கடிதமும் அட்டவணையும் அடிக்கும் தாள் தனி. தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்து, வேறு மெஷினில், வேறு நாற்காலியில் அடித்துப் பழகுங்கள். தேர்வு மையத்தில் உங்களுக்குப் பழகிய மெஷின் இருக்காது. அந்தக் கீ கெட்டியாக இருந்து முதல் வரி சொதப்பினால், ‘பார்த்தாயா, எனக்கு வராது’ என்று பழைய பேச்சு உடனே தலைதூக்கும். வேறு மெஷினில் ஏற்கனவே பழகியிருந்தால், கீ கெட்டி என்பது புரிந்து அடுத்த வரிக்குப் போவீர்கள். ஹால் டிக்கெட், அடையாள அட்டையை முந்தின நாளே எடுத்து வையுங்கள். ஏற்காட்டுக்காரர்கள் முந்தின நாளே இறங்கிவிடுவது நல்லது. மழை நாளில் மலைப்பாதையை நம்ப முடியாது.

தேர்ச்சி பெறாவிட்டால் ஆறு மாதத்தில் அடுத்த தேர்வு. நடுவில் விட்டுவிடாமல், வாரம் மூன்று நாளாவது மெஷினில் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். மாதம் முழுவதற்கும் பணம் வாங்காமல் பயிற்சிக்கு மட்டும் குறைத்து வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் பெயரையும் பிறந்த தேதியையும் அங்கேயே நின்று மார்க் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் வேலைவாய்ப்புப் பதிவில் இந்தத் தகுதியைச் சேர்க்க வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம், முடியாதவர்கள் கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அசல், நகல் இரண்டும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போட்டித் தேர்வுக்கான இலவசப் பயிற்சி வகுப்புகளும் நடக்கும். குரூப் 4 எழுத நினைப்பவர்கள் அடுத்த வகுப்பு எப்போது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியை உங்கள் தப்பு நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.